சரக்கு லேபிளும் கணினிக் கோப்பும்: வணிகர் அறிய வேண்டியவை



கல்வராயன் மலைச் சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் மூட்டையாக இறங்கி, மூட்டையாகவே வெளியூர் போன காலம் உண்டு. இன்று அதே சாமையை அரைக் கிலோ, ஒரு கிலோ பையில் அடைத்து, சொந்தப் பெயர் போட்டு விற்கும் வணிகர்கள் நம் கச்சிராயபாளையத்திலும் இருக்கிறோம். சரக்கை முகர்ந்து பார்த்தே தரம் சொல்லிவிடும் நாம், லேபிள் விஷயத்தில் மட்டும் டி.டி.பி. சென்டர்காரர் கொடுத்ததை வாங்கி, அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறோம்.

நாங்கள் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். சாமை அரிசிப் பைக்கு 2,000 ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்தோம். மஞ்சள் தரை, நடுவில் பானை வடிவம், பானைக்குள் சாமையின் புகைப்படம், ஓரம் மெல்ல மஞ்சளில் கரைய வேண்டும். கணினித் திரையில் அழகாகத்தான் இருந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பானையைச் சுற்றியும் வெள்ளைக் கட்டம்! பொங்கலுக்கு ஒரு வாரமே இருந்தது. மறுபடி அடிக்க நேரமில்லாமல் பழையபடி சில்லரையாக அளந்தே விற்றோம். அச்சகத்தார் மேல் தவறில்லை. கோளாறு நாங்கள் கொடுத்த கோப்பிலேயே இருந்தது.

இரண்டு வகைப் படம்

கணினிப் படம் இரண்டு வகை. புகைப்படம் என்பது புள்ளிகளின் குவியல். இதை பிட்மேப் என்பார்கள். பெரிதாக்கினால் புள்ளிகள் பல்லிளிக்கும். கோடுகளையும் வளைவுகளையும் கணக்காக எழுதி வைப்பது வெக்டர். அதை ஸ்டிக்கர் அளவிலும் அடிக்கலாம், கடைப் பலகை அளவிலும் அடிக்கலாம், கூர்மை குறையாது. கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர், காசு கொடுக்காமலே கிடைக்கும் இங்க்ஸ்கேப் ஆகியவை வெக்டர் வேலைக்கான மென்பொருள்கள்.

புகைப்படத்தை ஒரு வடிவத்துக்குள் அடைத்து, மீதியை மறைப்பதற்கு மாஸ்க் என்று பெயர். கோரல் டிராவில் பவர்கிளிப், இல்லஸ்ட்ரேட்டரில் கிளிப்பிங் மாஸ்க், இங்க்ஸ்கேப்பில் கிளிப் என்று கேட்டால் இந்த வேலை நடக்கும். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வெக்டர் கோப்பாக ஏற்றுமதி செய்துவிட்டால் உள்ளே இருக்கும் புகைப்படமும் வெக்டர் ஆகிவிடாது. பானையின் கோடு மட்டுமே வெக்டர். உள்ளே இருக்கும் சாமை பழைய புள்ளிக் குவியல்தான்.

வெள்ளைக் கட்டம் வந்த காரணம்

மாஸ்க்கிலும் இரண்டு உண்டு. கத்தரியால் வெட்டியது போன்ற ஓரம் ஒன்று. புகை போலக் கரையும் ஓரம் மற்றொன்று. முதல் வகையை இ.பி.எஸ். கோப்பு ஒழுங்காகத் தாங்கும். இரண்டாவது வகைக்கு ஒளிபுகும் தன்மை வேண்டும், அது இ.பி.எஸ்.ஸில் கிடையாது. அதனால் ஏற்றுமதியின்போது மென்பொருள் படத்தைத் தட்டையாக்கிவிடும். எங்கள் கோப்பில் கரையும் ஓரம் வெள்ளைத் தரையோடு சேர்ந்து கட்டமாகிவிட்டது. பி.டி.எஃப். முறையில் 2001இல் வந்த 1.4 பதிப்பு முதல் ஒளிபுகும் தன்மை உண்டு. எஸ்.வி.ஜி.யும் இரண்டு வகை மாஸ்க்கையும் ஏற்கும். ஆனால் அது பெரும்பாலும் இணையத்துக்கும் திரைக்கும் உரியது. ஸ்டிக்கரை வடிவமாக வெட்டும் பிளாட்டர் இயந்திரத்துக்குத் தேவை வெறும் வெட்டுக்கோடு மட்டும். புகைப்படம் அதற்குப் பயன்படாது.

கோப்பு கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

1. எந்தக் கோப்பு வேண்டும் என்று அச்சகத்தாரிடம் முதலிலேயே கேளுங்கள். ஒளிபுகும் தன்மையை ஏற்கும் பி.டி.எஃப். என்றால் கவலையில்லை. பழைய முறைதான் என்றால், கரையும் படத்தையும் அதன் பின்னால் உள்ள நிறத்தையும் ஒரே பிட்மேப்பாகச் சேர்த்துவிடச் சொல்லுங்கள். எழுத்து மட்டும் தனியே வெக்டராக மேலே நிற்கட்டும்.

2. புகைப்படம் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும். 4 அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்றால் 1,200க்கு 900 புள்ளி. அதையே 12 அங்குலமாக இழுத்தால் அங்குலத்துக்கு 100தான் மிஞ்சும். நிறம் சி.எம்.ஒய்.கே. முறைக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. மாஸ்க் மறைக்குமே தவிர அழிக்காது. படத்தின் ஓரத்தில் கொள்முதல் சிட்டையோ வேறு கம்பெனிப் பையோ விழுந்திருந்தால், கோப்பைத் திறப்பவர் மாஸ்க்கை நீக்கி அதைப் பார்த்துவிடலாம். வேண்டாத பகுதியை முதலில் வெட்டி எறிந்துவிட்டுப் பிறகு மாஸ்க் போடச் சொல்லுங்கள். கோப்பின் கனமும் குறையும்.

4. படம் கோப்புக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் இணைப்பாக இருந்தால் அச்சகக் கணினியில் காலி இடம்தான் தெரியும்.

5. தமிழ் எழுத்துகளை வளைவுகளாக மாற்றுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துரு அச்சகத்தில் இல்லையென்றால் "சாமை" என்ற சொல் ஏதோ ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். மாற்றுமுன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

6. நிகர எடை, அதிகபட்ச சில்லரை விலை, பொட்டலமிடுபவர் முகவரி ஆகியவை சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 கேட்கும் விவரங்களில் முக்கியமானவை. உணவுப் பொருளுக்கு 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் வேண்டும். இவற்றைப் புகைப்படத்தோடு சேர்த்து பிட்மேப் ஆக்கிவிடாதீர்கள். சிறிய எழுத்து மங்கிவிடும். பார்கோடும் வெக்டராகவே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கூலி கொடுத்து முடிக்கும் அன்றே மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். டி.டி.பி. சென்டர் நாளை ஊர் மாறலாம். நம் கடைச் சின்னம் நம் கையில் இருந்தால்தான் அடுத்த வருடம் அதே நிறம், அதே அளவில் அடிக்க முடியும். அச்சுக்கு விடுமுன் ஒரே ஒரு தாள் மாதிரி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மூட்டையில் ஊசி குத்தி மாதிரி பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. லேபிளுக்கும் அந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.