மரபணுத் துண்டுகள் சொல்லும் காலக்கணக்கு

மாணவர்களே! சாயமிட்ட பனையோலை நாடா ஒன்றையும் சாயமிடாத நாடா ஒன்றையும் அருகருகே வைத்து, ஓரிடத்தில் வெட்டி, துண்டுகளை மாற்றி இணையுங்கள். தாய்வழி, தந்தைவழிக் குரோமோசோம்களும் தலைமுறைதோறும் இவ்வாறே துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. எனவே, இரு மக்கட்கூட்டங்கள் மணவுறவால் கலந்தால், அவரவர் வழிவந்த துண்டுகள் தலைமுறை ஏற ஏறக் குறுகும்.

ஒரு தலைமுறையில் வெட்டு விழ நூற்றில் ஒரு வாய்ப்புள்ள நீளமே ஒரு சென்டிமார்கன். அது 100 தலைமுறைகள் வெட்டுப்படாமல் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 0.99ஐ 100 முறை பெருக்கினால் சுமார் 0.37. கதிரியக்கச் சிதைவுக்கும் இதே வகைக் கணக்குத்தான்! தலைமுறைக்கு 29 ஆண்டுகள் எனக் கொண்டால், 100 தலைமுறைகள் 2,900 ஆண்டுகள்.

இலட்சக்கணக்கான மரபணு இடங்களை ஒப்பிட்டு இக்கணக்கைப் போடுவது கணிப்பொறி. ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் முதலியோர் துணைக்கண்டத்தின் 73 குழுக்களை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். வடக்கு, தெற்கு என இரு மூதாதை மரபுகள் 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன் கலந்தன. ஏறத்தாழ எல்லாக் குழுக்களிலும் அக்கலப்பு உண்டு. குழுவுக்குள்ளேயே மணக்கும் வழக்கம் இறுகியது அதன் பின்னரே.

'எங்கள் குருதி கலப்பற்றது' என்பாரிடம் இக்கணக்கைச் சொல்லுங்கள். 200 தலைமுறைகளுக்கு அவ்வாய்ப்பு எவ்வளவு? நீங்களே கணக்கிடுங்கள்.