டிரோன் விழுந்தால் நாணயத்தால் தட்டுங்கள்

“வெளியே கீறலே இல்லை, சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது.” கேமரன் மலையின் தேயிலைச் சரிவில் டிரோனை விழவிட்டவர்கள் இப்படிச் சொல்லிக்கொண்டு மறுபடி பறக்கவிடுவது ஆபத்து. அலுமினியம் அடிபட்டால் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். டிரோன் சட்டத்தின் கார்பன் ஃபைபரில் அது நடக்காது. பிசினில் தோய்த்த இழைகளைப் பல அடுக்காக ஒட்டிச் செய்த பொருள் அது. மேற்பரப்பு பளபளப்பாகவே இருக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும்.

நாணயம் ஒன்றை எடுத்து, மோட்டாரைத் தாங்கும் கையின் நெடுகிலும் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ஓசை கூர்மையாக வரும். பிரிந்த இடத்தில் மந்தமாகிவிடும். அடிபடாத எதிர்க் கையிலும் அதே இடத்தைத் தட்டி ஒப்பிடுங்கள். விமானப் பராமரிப்பிலும் இந்தச் சோதனை உண்டு. திருகுத் துளைகளைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

“சூப்பர் குளூ போட்டால் போதும்” என்பது அடுத்த நம்பிக்கை. கார்பனின் பலம் அறுபடாமல் ஓடும் இழையில் இருக்கிறது. பசை இரண்டு முனைகளை ஒட்டுமே தவிர, அறுந்த இழையைத் தொடர வைக்காது. சூப்பர் குளூ இறுகினால் நொறுங்கும் தன்மையுடையது; மோட்டார் அதிர்வைத் தாங்காது.

அதற்காகக் கார்பனைப் பழுதுபார்க்கவே முடியாது என்பதும் தவறு. 2013 ஜூலையில் லண்டன் ஹீத்ரோவில் நின்றிருந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் போயிங் 787, பின்பக்கக் கூரையில் தீப்பிடித்தது. கார்பன் உடலைச் சரிசெய்து அந்த டிசம்பரிலேயே மீண்டும் பறக்கவிட்டார்கள். ஆனால் அது பொறியாளர் குழு கணக்கிட்டுச் செய்த வேலை. நம் மேசையில், தரையிறங்கு காலையோ மூடியையோ ஈபாக்ஸியும் கார்பன் துணியும் வைத்துச் சரிசெய்யலாம். மோட்டார் தாங்கும் கை உடைந்தால் புதிதாக மாற்றுவதுதான் சரி.

மாற்றும்போது திருகுகளையும் கவனியுங்கள். கார்பன் துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் அது மின்சாரம் கடத்தும். அதைத் தொட்டிருக்கும் அலுமினியத் திருகை, கேமரன் மலையின் சுங்கை பாலாஸ் பகுதி மூடுபனியின் ஈரம் சேர்ந்து அரித்துவிடும். வெள்ளைப் பொடி தெரிந்தால் எவர்சில்வர் திருகுக்கு மாறுங்கள். உடைந்த விளிம்பு பேட்டரி வயரின் உறையைக் கிழித்து ஷார்ட் ஆக்கிவிடலாம், அதையும் பாருங்கள். தேய்க்க வேண்டியிருந்தால் முகக்கவசம் போட்டு, ஈரமாகத் தேய்க்கவும். அந்தத் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது.

சரிசெய்த டிரோனை முதலில் ஆளில்லாத வெட்டவெளியில் தாழப் பறக்கவிட்டுச் சோதியுங்கள். கொழுந்து எடுப்பவர்கள் நிற்கும் சரிவின் மேல் அந்தச் சோதனை வேண்டாம்.