வேம்பின் கசப்பை ஆய்ந்த பேராசிரியர்

இலக்கியம் பயில்வோர்க்கு அறிவியல் அயலானது என்றும், அறிவியல் பயில்வோர்க்கு மரபறிவு வேண்டாதது என்றும் ஓர் எண்ணம் நம் கல்லூரிகளில் நிலவி வருகின்றது. இவ்விரு எண்ணங்களையும் ஒருசேர மறுத்து நிற்பது, கரிம வேதியியல் பேராசிரியர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அவர்களின் வாழ்வாகும்.

கல்வி

லக்னோவை அடுத்த பாராபங்கி மாவட்டத்தில் 1897இல் பிறந்த சித்தீக்கி, அலிகாரில் மெய்யியலும் பாரசீகமும் கற்று 1919இல் பட்டம் பெற்றார். மருத்துவம் பயில இலண்டன் சென்றவர், 1921இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரை அடைந்து வேதியியலைத் தம் துறையாக்கிக் கொண்டார். 1927இல் முனைவர் பட்டம் பெற்றார். ஓவியத்திலும் அவர் தேர்ந்தவர். கலைப்பாடம் பயின்றமை அவருடைய அறிவியலுக்குத் தடையாக அமையவில்லை என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சர்ப்பகந்தி

யூனானி மருத்துவப் பேரறிஞர் ஹக்கீம் அஜ்மல்கான், மரபு மருந்துகளைப் புதிய அறிவியலால் ஆராய வேண்டுமென விரும்பினார். அவ்விருப்பத்திற்கிணங்க, தில்லி திப்பியாக் கல்லூரியில் ஆய்வு நிலையம் அமைக்கும் பொறுப்பைச் சித்தீக்கி ஏற்றார். வட இந்தியாவில் மனநோய்க்கு வழங்கிவந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931இல் பல ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு, அதற்குள் மறைந்துவிட்ட அஜ்மல்கானின் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கின்மைக்கு மருந்தாகப் பயன்பட்ட அப்பொருள், புருகாடா எனும் இதய நோயைக் கண்டறியும் சோதனையில் இன்றும் பயன்படுகின்றது. இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் ரிசர்பினை அதே வேரிலிருந்து சுவிட்சர்லாந்து அறிஞர்கள் 1952இல் பிரித்தெடுத்தனர். ஒருவர் தொடங்கிய ஆய்வைப் பிறர் வளர்த்துச் செல்வதே அறிவியலின் நெறி.

வேம்பு

1942இல் அவர் வேப்பெண்ணெயை ஆராய்ந்தார். எண்ணெயிலுள்ள பொருள்கள் யாவும் ஒரே நீர்மத்தில் ஒரே அளவில் கரைவதில்லை. ஆகவே ஈதர், ஆல்கஹால் முதலிய கரைப்பான்களை முறையாகப் பயன்படுத்திக் கசப்புப் பொருள்களைத் தனித்தனியே பிரித்தார். அவ்வாறு கிடைத்தவை நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்னும் மூன்றுமாம். நிம்பிடினுக்கு வீக்கத்தைத் தணிக்கும் ஆற்றலுண்டு எனப் பிற்கால விலங்குச் சோதனைகள் காட்டின. பாட்டி அரைத்துப் பூசிய வேப்பிலையையும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையையும் இணைக்கும் பாதையை அவர் திறந்தார்.

1951இல் பாகிஸ்தான் சென்ற அவர், அங்கு அறிவியல் தொழில் ஆய்வு மன்றத்தைக் கட்டியெழுப்பினார். 1961இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். ஓய்வு பெற்ற பின்னர், கராச்சிப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வு நிலையம் ஒன்றை உருவாக்கி 1990 வரை அதனை வழிநடத்தினார். 1994இல் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

அவர் மறைந்த அதே 1994இல், வேப்பெண்ணெயால் பூஞ்சையைத் தடுக்கும் ஒரு முறைக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்கும் ஐரோப்பியக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவில் அது முன்னரே அறியப்பட்டிருந்தது என்பதற்குச் சான்றுகள் காட்டப்பட்ட பின், 2000இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. 2005இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. 'முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர்' என்னும் பெருமிதம் மட்டும் அவ்வழக்கில் வென்றிராது. சான்றே வென்றது.

நம் வீடுகளிலும் ஏடுகளிலும் மருத்துவச் செய்திகள் எத்தனையோ உறங்குகின்றன. அவற்றைப் பிழையறப் படித்துப் பொருள் கூறத் தமிழ் மாணவர் வேண்டும். மெய்யா பொய்யா எனச் சோதித்தறிய வேதியியல் மாணவர் வேண்டும். சோதனையில் தோற்பதைக் கைவிடும் துணிவு இருவர்க்கும் வேண்டும். மரபை ஆராயாது போற்றுவதும் ஆராயாது தூற்றுவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். ஆராய்ந்து ஏற்பதும், ஏற்றபின் வழிகாட்டியவரை நன்றியோடு நினைப்பதும் சித்தீக்கி காட்டிய நெறி. அந்நெறியில் நம் மாணவர்கள் நடப்பார்களாக.