அதனதன் இடத்தில்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீயும் உன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் சேர்ந்து 1974-ல் கட்டிய 30 அடிப் பாய்மரப் படகு ஒன்றை அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் வாங்கிவிட்டதாக உன் அம்மா போனில் சொன்னாள். குரலில் பாதி பெருமை, பாதி பயம். "உள்ளே பெட்ரோல் எஞ்சினாமே, வெடிச்சுடும்னு சொல்றாங்களே, நீதான்டா அவனுக்கு எடுத்துச் சொல்லணும்" என்றாள். அதே எஞ்சினோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். அதனால் எழுதுகிறேன். படகில் ஏறுவதற்கு முன் ஒரு முறை நிதானமாகப் படித்துவிடு.

நீ அனுப்பிய படத்தில் படிக்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது அடாமிக் 4. பெயரைக் கேட்டு மிரளாதே, அணுவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்கோஷ் ஊரிலிருந்த யுனிவர்சல் மோட்டார் கம்பெனி செய்தது. இரண்டாம் உலகப் போரில் உயிர்காப்புப் படகுகளுக்கு அந்தக் கம்பெனி கொடுத்த நாலு சிலிண்டர் எஞ்சினின் வாரிசு. 1940களின் கடைசியிலிருந்து 1980களின் நடுப்பகுதிவரை சுமார் 40,000 எஞ்சின்கள் வெளியே வந்தன. 1959-ல் வந்த பியர்சன் டிரைட்டனிலிருந்து 1970களின் கேட்டலினா 30 வரை, ஃபைபர்கிளாஸ் படகுகள் பெருகிய காலத்தில் எத்தனையோ படகுகளுக்குள் இதுதான் இருந்தது.

கொள்ளளவு ஒரு லிட்டருக்குச் சற்றே கூடுதல். நிமிஷத்துக்கு 3,500 சுற்றில் 30 குதிரைத்திறன் என்று காகிதத்தில் இருக்கும். உன் படகின் புரொப்பெல்லர் அதை அந்த வேகத்துக்குப் போக விடாது. 2,000 சுற்றை ஒட்டியே பெரும்பாலும் ஓடும், பாதித் திறன்கூட வெளியே வராது. வயிறு நிறைய வேலை கொடுக்காத முதலாளியிடம் இருப்பதால்தான் ஐம்பது வருஷமாகியும் உயிரோடு இருக்கிறது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நிற்கும் பழைய அமைப்பு. மேல்மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் கிடைக்காது.

இதில் நான் பார்த்த கோளாறுகளை எல்லாம் வரிசையாக எழுதினால் ஒரு நோட்டு நிறையும். ஆனால் அத்தனையும் கடைசியில் ஒன்றில்தான் போய் முடியும்: வேண்டிய பொருளே வேண்டாத இடத்துக்குப் போயிருக்கும். பெட்ரோல் வேண்டும், சிலிண்டருக்குள். தீப்பொறி வேண்டும், அதுவும் சிலிண்டருக்குள். தண்ணீர் வேண்டும், சிலிண்டரைச் சுற்றி. புகை வேண்டும், படகுக்கு வெளியே. இந்த நாலும் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகின்றன என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து வைத்துக்கொள். பாதி மெக்கானிக் ஆகிவிடுவாய்.

முதலில் பெட்ரோல். காரிலும் இருப்பது அதே பெட்ரோல்தானே, படகில் மட்டும் ஏன் இத்தனை பயம் என்று நீ கேட்கலாம். காரின் எஞ்சினுக்குக் கீழே தெரு. ஒழுகினால் தரையில் சொட்டும், காற்று கொண்டுபோய்விடும். படகு என்பதே அடியில் ஓட்டை இல்லாத பாத்திரம். ஒழுகியதெல்லாம் அடிப்பள்ளத்தில்தான் போய்ச் சேரும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனமானது, சும்மா விட்டால் மேலே வராமல் அங்கேயே படுத்துக் கிடக்கும். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். அதாவது, உறைபனிக் காலத்திலும் அது தூங்குவதில்லை. காற்றில் ஆவியின் பங்கு நூற்றுக்கு ஒன்றரையை எட்டினாலே போதும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும்.

அதனால் சாவியைத் தொடுவதற்கு முன் இரண்டு காரியம். எஞ்சின் பெட்டியின் மூடியைத் திறந்து, மண்டியிட்டு, தலையைக் கீழே கொண்டுபோய் மோந்து பார். பிறகு புளோவரைப் போடு. அடிப்பள்ளத்துக் காற்றை இழுத்து வெளியே தள்ளுவது அதன் வேலை. நாலு நிமிஷம் ஓடட்டும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒட்டச் சொல்லும் எச்சரிக்கைச் சீட்டிலும் அதே நாலு நிமிஷம்தான் இருக்கும். நாலு நிமிஷம் முடிந்ததும் இன்னொரு முறை மோந்து பார். வாடை இருந்தால் புளோவர் அதை விரட்டிவிடும் என்று காத்திருக்காதே. எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடு.

ஒழுகும் இடங்களில் முதலாவதாகச் சந்தேகப்பட வேண்டியது கார்புரேட்டர். இந்த எஞ்சினில் காற்று கீழிருந்து மேலே ஏறும், கார்புரேட்டரின் வாய் தாழ்வாக இருக்கும். மிதவை ஊசி சரியாக அடைக்காவிட்டால் மிஞ்சிய பெட்ரோல் அந்த வாய் வழியாக நேரே அடிப்பள்ளத்துக்கு வரும். அதனால் படகை விட்டு இறங்கும்போது டாங்க்கில் உள்ள வால்வை மூடிவிடு. அடுத்த சந்தேகம் ரப்பர் குழாய்கள். இப்போது அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து பங்குவரை எத்தனால் கலந்திருக்கும். பழைய குழாய்களை அது மெதுவாக அரித்துவிடும். புதிதாகப் போடும்போது A1 என்று அச்சடித்த படகுக் குழாயையே போடு. எத்தனால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் டாங்க்கில் கிடந்த பெட்ரோலில் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். எஞ்சின் திணறினால் வடிகட்டிக் கிண்ணத்தை ஒரு தடவை பார்.

பெட்ரோல் நிரப்பும்போது எல்லோரையும் கரையில் இறக்கிவிடு. கதவு, ஜன்னல், தளத்து மூடி எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, குழாய் முனையை நிரப்பும் வாயின் உலோகத்தில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஊற்று. முடிந்ததும் எல்லாவற்றையும் திறந்து புளோவரைப் போடு.

அடுத்தது தீப்பொறி. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், எல்லாவற்றுக்குள்ளும் பொறி உண்டு. படகுக்கென்று செய்தவற்றில் அந்தப் பொறி வெளியில் உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி அடைத்திருப்பார்கள். கார் உதிரிபாகக் கடையில் அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கும். போல்ட்டும் பொருந்தும், எஞ்சினும் ஓடும். ஆனால் வாங்காதே. மிச்சமாகும் அந்தப் பணத்தில்தான் பாதுகாப்பு முழுவதும் இருக்கிறது. கார்புரேட்டரின் வாயில் ஒரு தீத்தடுப்பு வலை மாட்டியிருக்கும். எஞ்சின் பின்வாங்கித் துப்பும்போது ஜுவாலை வெளியே வராமல் அது காக்கும். 1940 ஏப்ரல் 25-க்குப் பிறகு படகுக்குள் பொருத்திய பெட்ரோல் எஞ்சின்களுக்கு அமெரிக்காவில் அது கட்டாயம். கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சை எடு.

எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும்போது நன்றாகக் கிளம்பி, சூடானதும் இருமி நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பினால், பெரும்பாலும் காயிலோ கண்டன்சரோதான். பாயின்ட் இடைவெளி அரை மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.9 மில்லிமீட்டர், சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-2-4-3. இதை எஞ்சின் பெட்டியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடு. பிளக்கைக் கழற்றி வெளியில் பொறி பாய்கிறதா என்று பார்க்கும் பழக்கம் மெக்கானிக்குகளுக்கு உண்டு. மோந்து பார்த்து, புளோவர் ஓட்டிய பிறகுதான் அதைச் செய்ய வேண்டும்.

இனி தண்ணீர். இங்கே என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை வருகிறது.

ஒரு ஞாயிறு சாயங்காலம், நங்கூரத்தில் நின்ற படகை வீடு திரும்பக் கிளப்பினேன். எஞ்சின் பற்றவில்லை. பொழுது சாய்கிறது என்ற அவசரத்தில் ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு, விட்டுவிட்டு ரொம்ப நேரம் சுற்றினேன். பிறகு திடீரென்று "டங்" என்று ஒரு சத்தம், எஞ்சின் அசையவே இல்லை. பாட்டரி செத்துவிட்டது என்று நினைத்தேன். பிளக்குகளைக் கழற்றினால், இரண்டு சிலிண்டரில் உப்புத்தண்ணீர்.

எப்படி வந்தது? எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் கடைசியில் புகைக்குழாயில் கலந்து, சைலன்சர் வழியாகப் புகையோடு சேர்ந்து வெளியே போகும். அதைத் தள்ளுவது புகையின் அழுத்தம். ஸ்டார்ட்டரால் சுற்றும்போதும் பம்ப் தண்ணீரை இறைத்துக்கொண்டேதான் இருக்கும், தள்ளுவதற்குப் புகை மட்டும் இருக்காது. சைலன்சர் நிரம்பி, தண்ணீர் பின்னோக்கி ஏறி, திறந்திருக்கும் வால்வு வழியாக உள்ளே வந்துவிடும். தண்ணீர் நசுங்காது, அதனால்தான் பிஸ்டன் நின்றுபோனது.

அன்றிரவே பிளக் ஓட்டைகள் வழியாகத் தண்ணீரை வெளியேற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, எஞ்சின் ஆயிலை மாற்றி, ஒரு மணி நேரம் ஓட்டியதால் தப்பியது. மறுநாள்வரை விட்டிருந்தால் துரு பிடித்து வால்வுகள் இறுகியிருக்கும். ஆகவே, இரண்டு மூன்று முயற்சியில் எஞ்சின் பற்றாவிட்டால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்று. பற்றிக்கொண்ட அந்தக் கணமே திறந்துவிடு, இல்லாவிட்டால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கிழியும். மறதிக்கு மருந்தாக, சாவிக்கொத்தை அந்த வால்வின் கைப்பிடியில் மாட்டும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்தது.

கடல்நீர் நேரடியாக ஓடும் எஞ்சினை சுமார் 60 டிகிரியிலேயே வைத்திருப்பார்கள், சூடு கூடினால் உப்பு உள்ளே படியும். கார்போல 90 டிகிரிக்கு ஆசைப்படாதே. உங்கள் ஊரில் குளிர்காலம் தண்ணீரையே உறையவைக்கும். நவம்பருக்குள் உறையாத் திரவத்தை உள்ளே ஓட்டிவிடு, இல்லாவிட்டால் இரும்பு வெடித்துவிடும்.

கடைசியாகப் புகை. இதுவரை மூக்கை நம்பு என்றேன். ஆனால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. பெட்ரோல் எஞ்சின் டீசலைவிட அதை மிக அதிகமாக விடும். புகைக்குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால் தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். அதற்கென்றே அலாரம் விற்கிறார்கள். படகின் அறைக்குள் ஒன்றை மாட்டு, இந்த வாரமே.

"இத்தனை தொல்லை எதற்கு, டீசல் போட்டுவிடலாமே" என்று துறையில் பத்துப் பேர் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. டீசல் 50 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும், தீப்பொறியும் அதற்குத் தேவையில்லை. ஆனால் எஞ்சினை மாற்றும் செலவு, நீங்கள் மூவரும் படகுக்குக் கொடுத்த விலையைத் தாண்டிவிடும். இரண்டு சிலிண்டர் டீசலின் உதறலில் பல் கிடுகிடுக்கும். இந்த நாலு சிலிண்டரோ தையல் மிஷின்போல ஓடும், உதிரிபாகமும் இன்றுவரை புதிதாகவே கிடைக்கிறது. இரும்பு உள்ளே அரித்துப் போய்விட்டதென்றால் மாற்று. அதுவரை இதைப் படி.

உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அக்கா, காஸ் வாடை வந்தா நீ என்ன செய்வே?" என்று கேட்டேன். "சுவிட்சைத் தொடமாட்டேன், ஜன்னலைத் திறப்பேன், கீழே குனிஞ்சு டியூப் எங்கே ஒழுகுதுன்னு பார்ப்பேன்" என்றாள். சமையல் காஸும் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத்தான் கிடக்கும். "அவன் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "காஸ் அடுப்பையே அவன் அணைக்க மறப்பானே" என்றாள்.

அதனால்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

அன்புடன்,
மாமா