பன்னிருவரில் நால்வர் எங்கே?
ஒளிப்படக் கருவியின் பார்வைக் கோணம் பற்றிய ஒரு பாடம்



கலைவிழா மேடையிலே பன்னிரண்டு சிறுமியர் ஒரே வரிசையில் கோலாட்டத்திற்கு ஆயத்தமாக நிற்கின்றனர். மேடையிலிருந்து 10 மீற்றர் தூரத்தில், தாம் வழக்கமாக நிற்கும் இடத்தில், தந்தையொருவர் கமராவுடன் நிற்கின்றார். படச்சுருள் காலத்தில் அவர் பயன்படுத்திய அதே 50 மி.மீ. வில்லை, கருவி மட்டுமே புதியது. கண்ணருகே வைத்து நோக்குகின்றார். எண்மரே தெரிகின்றனர்! இரு ஓரங்களிலும் இவ்விருவரைக் காணவில்லை. ஓரத்தில் நிற்பவளோ அவருடைய மகள். பின்னே செல்லவும் இடமில்லை, இருக்கைகள் நிறைந்துள்ளன. பிழை எங்கே நேர்ந்தது?

வில்லையானது எதிரேயுள்ள காட்சியைத் தலைகீழான சிறு விம்பமாகக் கருவியினுள் விழுத்துகின்றது. தொலைவிலுள்ள பொருளின் விம்பம் தெளிவாக விழும்போது வில்லைக்கும் விம்பத்திற்கும் இடையேயுள்ள தூரமே குவியத் தூரம் எனப்படும். குவியத் தூரம் கூடினால் விம்பம் பெரிதாகும். அவ்விம்பத்தை ஏற்கும் தளம் முன்பு படச்சுருளாக இருந்தது; இன்று அது மின்னணு உணரியாகும்.

1925ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த லைக்கா கருவியை ஒஸ்கார் பார்நாக் என்பவர் வடிவமைத்தார். திரைப்படச் சுருளைப் பயன்படுத்திய அக்கருவியின் படச்சட்டம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. பிற்காலத்தில் அதுவே பொது அளவாயிற்று. ஆனால் 1999இல் வெளிவந்த நிக்கொன் டி1 என்னும் டிஜிற்றல் கருவியின் உணரி ஏறத்தாழ 24 மி.மீ. அகலமே உடையது. இன்றும் பல கருவிகளில் இவ்வளவு உணரியே உள்ளது. நம் தந்தையாரின் புதிய கருவியும் அத்தகையதே.

இங்கே வில்லை மாறவில்லை. விம்பத்தின் அளவும் மாறவில்லை. விம்பத்தை ஏற்கும் சாளரம் சிறுத்துவிட்டது. ஆகவே ஓரங்கள் விடுபட்டன. சிறிய உணரியில் 50 மி.மீ. வில்லை “75 மி.மீ. ஆகிவிடும்” என்பார் சிலர். அது ஒப்பிட்டுக் கூறும் வழக்கேயன்றி, வில்லை நீள்வதில்லை.

இயல்பொத்த முக்கோணிகளைக் கற்ற மாணவர்கள் இதனை எளிதிற் கணிக்கலாம்:

காட்சியின் அகலம் = தூரம் × உணரியின் அகலம் ÷ குவியத் தூரம்

பழைய கருவியில்: 10 × 36 ÷ 50 = 7.2 மீற்றர். 
புதிய கருவியில்: 10 × 24 ÷ 50 = 4.8 மீற்றர்.

ஒரு சிறுமிக்கு 60 செ.மீ. இடம் எனக் கொண்டால், முன்னதில் பன்னிருவரும் அடங்குவர். பின்னதில் எண்மரே அடங்குவர். கிடைப் பார்வைக் கோணம் ஏறத்தாழ 40 பாகையிலிருந்து 27 பாகையாகக் குறைந்துவிட்டது.

செய்து பாருங்கள்: ஓர் அட்டையில் 18 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் கொண்ட சாளரம் வெட்டுங்கள். மற்றோர் அட்டையில் 12 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமும் கொண்ட சாளரம் வெட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றையும் மறு கண்ணிலிருந்து 25 செ.மீ. தூரத்திற் பிடித்து நோக்குங்கள். முதலாவது பழைய கருவியின் பார்வை. இரண்டாவது புதிய கருவியின் பார்வை. இனிச் சிறிய சாளரத்தைக் கண்ணருகே கொண்டுவாருங்கள், காட்சி விரியும். குவியத் தூரத்தைக் குறைப்பதன் பயன் இதுவே.

தந்தையார் என்ன செய்யலாம்? அதே வில்லையுடன் 15 மீற்றர் தூரத்தில் நிற்கலாம். அன்றேல் 35 மி.மீ. வில்லையைப் பூட்டி, அரை மீற்றர் மட்டும் பின்செல்லலாம்.

கைத்தொலைபேசிக்கும் இவ்விதி பொருந்தும். அதன் உணரி மிகச் சிறியது; எனவே 10 மி.மீற்றருக்கும் குறைந்த குவியத் தூரமுள்ள வில்லையே அதில் விரிந்த காட்சியைத் தருகின்றது. திரையை விரல்களால் விரித்து உருவத்தைப் பெரிதாக்கும்போது, பெரும்பாலும் சாளரத்தையே சிறிதாக்குகின்றோம் என்பதை மறவாதீர்கள்.

ஆகவே பெற்றோரே, விழாவுக்கு முன்னரே மேடையின் அகலத்தை அளந்து, நிற்க வேண்டிய இடத்தைக் கணித்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பிள்ளைகளே செய்யட்டும். ஓரத்தில் நிற்கும் பிள்ளையும் படத்தில் இடம்பெற வேண்டுமல்லவா?