எண்ணெய்க் கப்பல் அதெல்ஸ்டேன்: திருகோணமலையும் 1942 ஏப்ரல் 9 உம்

க.பொ.த. (சாதாரண தரம்) – வரலாறு
இரண்டாம் உலகப் போரும் இலங்கையும் – மேலதிகக் கற்றலுக்கான பாடம்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• திருகோணமலை பிரித்தானியரின் எண்ணெய்க் களஞ்சியமாக மாறியதற்கான காரணங்களைக் கூறுவீர்கள்.
• போர்க்காலத்தில் எண்ணெய்க் கப்பல் ஆற்றிய பணியை விளக்குவீர்கள்.
• 1942 ஏப்ரல் 9 இல் கிழக்குக் கரையோரத்தில் நிகழ்ந்த இழப்புகளைக் காரண, விளைவு அடிப்படையில் ஆராய்வீர்கள்.

1. அறிமுகம்

இரண்டாம் உலகப் போரில் இலங்கை பற்றிய வினாக்களுக்கு விடையெழுதும் மாணவர்களுள் பலர் கொழும்பு மீதான குண்டுவீச்சையும், மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலையும் குறிப்பிடுவர். ஹெர்மிஸ் மூழ்கிய அதே நாளில், அதே கடற்பரப்பில் எண்ணெய்க் கப்பல்களும் மூழ்கின. அவற்றுள் ஒன்று பிரித்தானியக் கடற்படைக்கு எரிபொருள் வழங்கிய அதெல்ஸ்டேன். போர்க்கப்பல்களின் புகழ் இதற்கு இல்லை. ஆனால் இத்தகைய கப்பல்கள் இல்லாவிட்டால் போர்க்கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நெடுந்தூரம் செல்ல முடியாது. இந்த உண்மையை விளங்கிக்கொண்டால் 1942 ஏப்ரல் மாதத்து நிகழ்ச்சிகள் பலவற்றின் காரணம் தெளிவாகும்.

2. திருகோணமலை எண்ணெய்க் களஞ்சியமானது எவ்வாறு?

19 ஆம் நூற்றாண்டின் நீராவிப் போர்க்கப்பல்கள் நிலக்கரியை எரித்தே ஓடின. முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் பிரித்தானியா தனது பெரிய போர்க்கப்பல்களை எண்ணெய்க்கு மாற்றத் தொடங்கியது. அதற்கான காரணங்கள் வருமாறு:

(அ) ஒரே நிறையுடைய நிலக்கரியைவிட எண்ணெய் அதிக வெப்பத்தைத் தரும். ஆகவே கப்பல் கூடிய வேகத்துடன் கூடிய தூரம் செல்லும்.
(ஆ) நிலக்கரியை மனிதர் சுமந்து ஏற்றவேண்டும். எண்ணெயைக் குழாய் மூலம் ஏற்றலாம்.
(இ) உலையில் நிலக்கரி இடும் பணியாளர் தேவை குறைந்தது.

இம்மாற்றத்தினால் ஒரு சிக்கலும் எழுந்தது. பிரித்தானியாவில் நிலக்கரி ஏராளமாக உண்டு. எண்ணெயோ பாரசீகம், பர்மா முதலிய தொலைதூர நாடுகளிலிருந்து வரவேண்டும். எனவே பேரரசின் கடற்பாதைகளில் எண்ணெயைச் சேமித்துவைக்கும் இடங்கள் வேண்டியிருந்தன. ஆழமானதும், நிலத்தால் சூழப்பட்டதுமான திருகோணமலை இயற்கைத் துறைமுகம் அதற்கு ஏற்றதாயிற்று. உலகப் போர்கள் இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் சீனக்குடாவில் 101 உருக்கு எண்ணெய்த் தாங்கிகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் எண்ணெயைக் கொள்ளக்கூடியது.

3. எண்ணெய்க் கப்பலின் பணி

கரையிலுள்ள தாங்கி அசையாதது. போர்க்கப்பல்களோ கடலெங்கும் செல்பவை. இவ்விரண்டையும் இணைப்பது எண்ணெய்க் கப்பல். இத்தகைய துணைக் கப்பல்களை நடத்துவதற்காக 1905 ஆம் ஆண்டில் பிரித்தானியா றோயல் கடற்படைத் துணைக் கப்பற்பிரிவை உருவாக்கியது. இப்பிரிவின் கப்பல்களில் பணியாற்றியோர் வணிகக் கப்பல் மாலுமிகளே. அவர்கள் குடிமக்கள், ஆயினும் போர்க்களத்தினூடாகவே பயணம் செய்தனர்.

எண்ணெய்க் கப்பலின் பணிகளை மூன்றாக வகுக்கலாம்:
(அ) எண்ணெய் விளையும் நாட்டிலிருந்து கடற்படைத் தளங்களுக்கு எண்ணெய் கொண்டுவருதல்.
(ஆ) துறைமுகத்தில் போர்க்கப்பலின் அருகே நின்று குழாய் மூலம் எண்ணெய் வழங்குதல்.
(இ) நடுக்கடலில் எண்ணெய் வழங்குதல். அக்காலத்தில் பிரித்தானியர், எண்ணெய்க் கப்பலின் பின்புறமாக நீண்ட குழாயை மிதக்கவிட்டு, பின்னால் வரும் போர்க்கப்பல் அதனைப் பொருத்திக்கொள்ளும் முறையைக் கையாண்டனர். இதற்கு அதிக நேரம் சென்றது.

4. அதெல்ஸ்டேன்

அதெல்ஸ்டேன் 1918 இல், அதாவது முதலாம் உலகப் போர் முடிவுற்ற ஆண்டில் கட்டப்பட்டது. இதன் மொத்தப் பதிவுத் தொன் 5,571 ஆகும். மூழ்கும்போது இதன் வயது 24.

மனதிற் கொள்க: மொத்தப் பதிவுத் தொன் என்பது நிறையன்று, கப்பலின் உட்கொள்ளளவைக் குறிக்கும் அளவாகும். ஒரு பதிவுத் தொன் 100 கன அடிக்கு, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீற்றருக்குச் சமன். இதன்படி அதெல்ஸ்டேனின் உட்கொள்ளளவு 5,571 × 2.83 = ஏறத்தாழ 15,766 கன மீற்றர்.

5. எரிபொருளும் 1942 ஏப்ரல் நிகழ்ச்சிகளும்

1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் யப்பானியர் வசமாயின. பர்மாவின் எண்ணெயும் கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெயும் பிரித்தானியருக்குக் கிடைக்காமற் போயின. இலங்கையின் முக்கியத்துவம் பலமடங்கு உயர்ந்தது.

யப்பானிய அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தினுள் நுழைந்தன. பிரித்தானியக் கீழைக் கப்பற்படையின் தளபதி அட்மிரல் சொமர்வில் மார்ச் இறுதியிலிருந்து இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எதிரி வரவில்லை. எரிபொருளும் நீரும் குறையவே, அவர் மாலைதீவின் தென்கோடியிலிருந்த இரகசியத் தளமான அட்டு அற்றோலுக்குச் சென்றார். ஏப்ரல் 4 இல் அவர் அங்கு சேர்ந்த பின்னரே யப்பானியப் படை காணப்பட்ட செய்தி கிடைத்தது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது பிரித்தானியக் கப்பற்படை பல நூறு மைல்களுக்கு அப்பால் இருந்தது.

யப்பானியரோ தம்முடன் வந்த எண்ணெய்க் கப்பல்களிலிருந்து கடலிலேயே எரிபொருள் பெற்று வந்தனர். ஒரு தரப்பு எண்ணெயைத் தேடிச் செல்ல, மறுதரப்பு எண்ணெயை உடன்கொண்டு வந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்க வேறுபாடாகும்.

6. நிகழ்ச்சி வரிசை

ஏப்ரல் 5: கொழும்பு தாக்கப்பட்டது. துறைமுகத்தில் ஹெக்டர், டெனெடொஸ் ஆகிய கப்பல்களும், கடலில் டோர்செற்ஷயர், கோர்ன்வோல் ஆகிய போர்க்கப்பல்களும் மூழ்கின.

ஏப்ரல் 8: யப்பானியப் படை இலங்கைக்குக் கிழக்கே மீண்டும் காணப்பட்டது. அடுத்த இலக்கு திருகோணமலையாகலாம் எனக் கருதப்பட்டதால், துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியேற்றும் கட்டளை பிறந்தது. ஹெர்மிஸும் அதன் துணையான அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் இரவில் தெற்கு நோக்கிப் புறப்பட்டன. அதெல்ஸ்டேன், ஹொலிஹொக் என்னும் சிறிய பாதுகாப்புக் கப்பலின் துணையுடன் தெற்கே சென்றது.

ஏப்ரல் 9 காலை: ஏறத்தாழ 130 விமானங்கள் திருகோணமலையையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றியது; எரெபஸ் என்னும் போர்க்கப்பல் சேதமடைந்தது. சீனக்குடாவில் ஓர் எண்ணெய்த் தாங்கி எரிந்தழிந்தது.

அதே காலை: தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஹெர்மிஸை யப்பானிய வேவு விமானம் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டது. முற்பகல் 10.30 மணியளவில் குண்டுவீச்சு விமானங்கள் அதனைத் தாக்கின. சிறிது நேரத்தில் ஹெர்மிஸும், தொடர்ந்து வம்பயரும் மூழ்கின.

அதன் பின்னர்: எஞ்சிய விமானங்கள் அண்மையிலிருந்த ஏனைய கப்பல்களைத் தாக்கின. மட்டக்களப்புக்குத் தெற்கே அதெல்ஸ்டேனும் ஹொலிஹொக்கும் மூழ்கின. வடக்கே பாசிக்குடாப் பக்கத்தில் பிரிட்டிஷ் சார்ஜண்ட் என்னும் மற்றுமோர் எண்ணெய்க் கப்பல் மூழ்கியது.

7. உயிரிழப்புகள்

• ஹெர்மிஸ்: கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர்.
• ஹொலிஹொக்: சுமார் 50 பேர்.
• அதெல்ஸ்டேன்: எவருமில்லை.
• பிரிட்டிஷ் சார்ஜண்ட்: எவருமில்லை.

ஹெர்மிஸிலும் வம்பயரிலும் இருந்து தப்பிய ஏறக்குறைய 600 பேரை வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது. எண்ணெய்க் கப்பலைக் காக்கச் சென்ற ஹொலிஹொக்கின் மாலுமிகளுள் பலர் மாண்டனர். காக்கப்பட்ட கப்பலின் ஊழியர் அனைவரும் உயிர்தப்பினர். கப்பல் இழக்கப்பட்டது என்பதும் உயிர்கள் இழக்கப்பட்டன என்பதும் வெவ்வேறானவை. விடையில் இரண்டையும் கலந்து எழுதக்கூடாது.

8. அதெல்ஸ்டேன் இழக்கப்பட்டதற்கான காரணங்கள்

(அ) வேக வேறுபாடு: அக்காலத்து எண்ணெய்க் கப்பல்கள் பல மணிக்குச் சுமார் 10 கடல்மைல் வேகத்திலேயே ஓடின. அவ்வேகத்தில் 12 மணித்தியாலத்தில் கடக்கக்கூடிய தூரம் 120 கடல்மைல். விமானத்துக்கு அது ஒரு மணித்தியாலத்திற்கும் குறைந்த பயணமே.
(ஆ) விமானப் பாதுகாப்பின்மை: சீனக்குடாவிலிருந்த போர் விமானங்கள் திருகோணமலையைக் காப்பதிலேயே ஈடுபட்டிருந்தன. ஹெர்மிஸின் சொந்த விமானங்களும் அன்று கப்பலில் இருக்கவில்லை. கடலில் நின்ற கப்பல்களுக்கு வேண்டிய நேரத்தில் உதவி கிடைக்கவில்லை.
(இ) அண்மையில் பெரிய இலக்கு இருந்தமை: ஹெர்மிஸை அழிப்பதற்காகவே 85 குண்டுவீச்சு விமானங்கள் அனுப்பப்பட்டன. அத்தனை விமானங்கள் அதற்குத் தேவைப்படவில்லை. குண்டுகளைச் செலவிடாத விமானங்கள் அருகிலிருந்த கப்பல்களை நாடின.

சிந்திக்க: கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து வெளியேற்றியது தவறான முடிவா? வெளியேறிய கப்பல்கள் மூழ்கியதை மட்டும் பார்த்தால் அவ்வாறு தோன்றும். ஆனால் துறைமுகத்திலேயே தங்கிய சகாயிங் எரிந்தது. கொழும்பில் தங்கிய கப்பல்களுக்கு நேர்ந்ததும் நான்கு நாட்களுக்கு முன்னர்தான் காணப்பட்டது. முடிவெடுத்தவர்கள் அந்நேரத்தில் அறிந்திருந்தவற்றைக் கொண்டே அம்முடிவை மதிப்பிட வேண்டும். பின்னர் நடந்ததை அறிந்த நாம் அதை முன்னரே அறிந்திருந்தவர்போல் தீர்ப்பளிப்பது வரலாற்று நோக்கன்று.

9. விளைவுகள்

• கீழைக் கப்பற்படையின் ஒரு பகுதி கிழக்கு ஆபிரிக்காவின் கிலிந்தினித் துறைமுகத்துக்குப் பின்வாங்கியது.
• யப்பானியரும் இலங்கையில் தரையிறங்காமல் திரும்பினர். இலங்கையைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளுள் அககி, ஹிர்யூ, சோர்யூ ஆகிய மூன்றும் 1942 ஜூனில் மிட்வேப் போரில் மூழ்கின.
• சீனக்குடாவின் தாங்கிகளுள் பெரும்பாலானவை தப்பின. 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்திலும் எண்ணெய்த் தாங்கிகள் அழிக்கப்படாமல் விடப்பட்டதை இதனுடன் ஒப்பிடலாம். இரு தளங்களும் தொடர்ந்து இயங்கியமைக்கு இது ஒரு காரணமாகும்.

10. மாணவர் விடும் பிழைகள்

எரிந்தழிந்த தாங்கியின் மீது யப்பானிய விமானமொன்று வேண்டுமென்றே மோதியது எனக் கூறப்படுவதுண்டு. இதனைச் சிலர் "கமிக்காசேத் தாக்குதல்" என எழுதுகின்றனர். கமிக்காசே என்பது 1944 ஒக்ரோபரில் யப்பானியர் அமைப்புரீதியாகத் தொடங்கிய தற்கொலைத் தாக்குதல் முறையாகும். 1942 இல் அம்முறை இருக்கவில்லை. எனவே "விமானம் மோதியதாகக் கூறப்படுகிறது" என எழுதுவதே பொருத்தமானது.

ஹெர்மிஸ் உலகின் முதலாவது விமானந்தாங்கிக் கப்பல் என எழுதுவதும் சரியன்று. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட முதற் கப்பல் அதுவாகும். அவ்வகையில் முதலில் கட்டி முடிக்கப்பட்டது யப்பானின் ஹோஷோ (1922).

11. இன்றைய தொடர்பு

சீனக்குடாவில் எஞ்சியிருந்த 99 தாங்கிகள் தொடர்பாக 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் உடன்பாடு கண்டன. இதன்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்திற்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 61 இரு தரப்பும் இணைந்த நிறுவனத்திற்கும் ஒதுக்கப்பட்டன. தீப்பற்றிய சகாயிங் பின்னர் துறைமுகத்தினுள் மூழ்கடிக்கப்பட்டு இறங்குதுறையாகப் பயன்பட்டது; 2018 இல் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் அதனை மீண்டும் மிதக்கவைத்தனர்.

2020 செப்டெம்பரில், குவைத்திலிருந்து மசகு எண்ணெயை ஏற்றிவந்த நியூ டயமன்ட் கப்பல் அம்பாறை மாவட்டக் கரைக்கு அப்பால் தீப்பற்றியது. சுமார் 270,000 தொன் எண்ணெய் கடலில் கலக்கும் அபாயம் தவிர்க்கப்பட்டது. எனினும் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். எண்ணெயும் அதைச் சுமக்கும் மாலுமிகளும் இக்கரையின் வரலாற்றில் இன்றும் இடம்பெறுகின்றனர்.

12. பயிற்சி வினாக்கள்

சுருக்க விடை
1. சீனக்குடாவில் அமைக்கப்பட்ட எண்ணெய்த் தாங்கிகள் எத்தனை?
2. அதெல்ஸ்டேனுக்குத் துணையாகச் சென்ற கப்பல் எது?
3. போர்க்கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியதற்கான காரணங்கள் இரண்டு தருக.
4. தப்பிய மாலுமிகளை மீட்ட மருத்துவக் கப்பலின் பெயர் என்ன?

விடைகள்: 1. 101. 2. ஹொலிஹொக். 3. பிரிவு 2 ஐப் பார்க்க. 4. வீற்றா.

கட்டமைப்பு வினா
"1942 ஏப்ரலில் இந்து சமுத்திரத்தில் நிகழ்ந்தவற்றை எரிபொருள் பெருமளவில் தீர்மானித்தது." விளக்குக.

மாதிரி விடை
எண்ணெயால் இயங்கிய போர்க்கப்பல்களின் நடமாட்டம் எரிபொருள் கிடைக்கும் இடங்களில் தங்கியிருந்தது. பிரித்தானியக் கப்பற்படை எரிபொருளும் நீரும் பெற அட்டு அற்றோலுக்குச் சென்றிருந்தமையால், ஏப்ரல் 5 இல் கொழும்பு தாக்கப்பட்டபோது அருகில் இருக்கவில்லை. யப்பானியர் கடலிலேயே எரிபொருள் பெற்றதால் தமது தளங்களிலிருந்து நெடுந்தூரம் வந்து தாக்க முடிந்தது. ஏப்ரல் 9 இல் அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜண்ட் ஆகிய எண்ணெய்க் கப்பல்களைப் பிரித்தானியர் இழந்தனர். ஆயினும் சீனக்குடாவின் தாங்கிகளுள் பெரும்பாலானவை தப்பியமையால் திருகோணமலை தளமாகத் தொடர்ந்து பயன்பட்டது. அதேவேளை விமானப் பாதுகாப்பின்மையும் இழப்புகளுக்குக் காரணமாகும். எனவே எரிபொருள் முதன்மைக் காரணி; ஒரே காரணியன்று.

குறிப்பு: "பெருமளவில்" என வினா கேட்கும்போது, வேறொரு காரணியையும் சேர்த்து எடைபோட்டு முடிவு கூறுக. மாதிரி விடையின் இறுதி இரு வாக்கியங்கள் அதற்காகவே எழுதப்பட்டுள்ளன.