தலைவரை நிறுத்துப் பார்ப்போம்

அநீதியை எதிர்த்து எழுவோம் என்று ஒருவர் அழைத்தால், நம் வாலிபர்கள் அவர் பின்னால் போகலாமா? இந்நாட்டில் நடந்த இரண்டு விஷயங்களைக் கொண்டு இதை யோசிப்போம்.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர் ஆர். எச். நாதன். சீனருக்குச் சமமான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். பால்மரம் வெட்டிய நம் பெரியோருக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. எல்லாம் பகிரங்கமான கோரிக்கைகள். அந்த மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு நாடு கடத்தினார்கள். அவர் கைதான பின்னர் வேலைநிறுத்தம் இன்னும் பரவியது. ஏனெனில் அந்தக் கோரிக்கை அவருடைய சொத்தல்ல, எல்லோருடையதும்.

மற்றது நம் பேராக்கில் நடந்தது. முஹம்மது அமீன் என்பவர் ‘அல் மஊனா’ என்ற கூட்டத்தை நடத்தி, சிலாட்டும் உள்சக்தியும் கற்பித்தார். 2000 ஜூலை 2-ல் அவர் ஆட்கள் ராணுவ உடையில் கிரிக் பக்கத்து முகாம்கள் இரண்டில் புகுந்து, நூற்றுக்கு மேற்பட்ட ஆயுதங்களைக் கொண்டுபோய், சவுக் அருகே குன்றில் பதுங்கினார்கள். பிணை பிடித்தவர்களில் இருவரைக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் தமிழர். ஜூலை 6-ல் எல்லாம் முடிந்தது. 2006-ல் அமீன் தூக்கிலிடப்பட்டார். நம்பிப் போனவர்களில் பலருக்கு ஆயுள் தண்டனை.

மஊனத் என்பது சாதாரண மூமினுக்கும் அல்லாஹ் நாடினால் அருளும் அசாதாரண உதவி என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அல்லாஹ் நாடினால் கிடைப்பதை ஒரு மனிதர் பயிற்சி வைத்துப் பங்கிட முடியுமா? இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் எத்தனை வீடுகள் பிழைத்திருக்கும்!

தராசைச் சோதிக்க விடாத கடையில் நாம் சரக்கு வாங்குவோமா? ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவானதும், நான் தவறினால் திருத்துங்கள் என்றே மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கே அப்படியென்றால் மற்றவர் எம்மாத்திரம்?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை ஒரு கூட்டத்துக்குப் போனால் கோபிக்காமல் விசாரியுங்கள். என்ன கேட்கிறார்கள்? தலைவரை எதிர்த்துப் பேசலாமா? விலக நினைத்தால் விடுவார்களா? வீட்டில் சொல்லாதே என்றார்களா? பதில் சரியாயிருந்தால் துஆச் செய்து அனுப்புங்கள். இல்லையேல் அன்றே கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.